டென்மார்க்கில் இருந்து பார்த்தால் தெரியும் சந்தோசம்

ஒவ்வொரு வருடமும் மார்ச் 20ஆம் திகதியை ஒட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவரும். அன்றைக்கே யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் அந்தப் பட்டியலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். 2012இல் முதல் அறிக்கை வந்தபோது டென்மார்க்குக்கு முதலிடம், 2013இலும் 2016இலும் அப்படித்தான். 2018இலிருந்து பின்லாந்து அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆனாலும் டென்மார்க் முதல் மூன்றைவிட்டு இறங்கவில்லை, 2025இல் இரண்டாமிடம். இலங்கை நூறுக்கும் கீழே. பட்டியலோடு ஒரு கேள்வியும் வரும்: "அங்க அப்பிடி என்னதான் இருக்கு?" நான் 1996இல் கலியாணம் கட்டி இங்கே வந்தவள், டென்மார்க்கின் மேற்குப் பகுதியான யூலண்டில் இருக்கிறேன், முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்ல முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆய்வில் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். "நேற்று சிரித்தீர்களா" என்பதை வைத்து இடம் கொடுப்பதில்லை. ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடியில் 0, உச்சியில் 10, உச்சி என்றால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இவ்வளவுதான் கேள்வி. ஒரு நாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் கேட்டு, மூன்று வருடச் சராசரியை எடுக்கிறார்கள். அதனால் டென்மார்க்குக்கு வந்து பஸ்ஸில் சிரித்த முகங்களைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இங்கே பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்தான் சனத்துக்கு நிம்மதி. நல்லூர்த் திருவிழாவில் ஒரு பின்னேரத்தில் கேட்கிற சிரிப்பு யூலண்டில் ஒரு மாதம் முழுக்கச் சேர்த்தாலும் வராது. ஆனால் ஏணிக் கேள்வி வேறு. அது கேட்பது சிரிப்பை இல்லை, ஒருவர் தன் வாழ்க்கை முழுவதையும் எடுத்துப் பார்த்துச் சொல்லும் கணக்கை.

வீட்டுக்கு வீடு போய் முதியவர்களைக் குளிக்க வார்த்து, மருந்து எடுத்துக் கொடுத்து, வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை போட்டு விடுவது என் வேலை. அந்த வேலையில் சனத்தின் வீட்டு உள்பக்கம் தெரியும், குளியலறையும் மருந்துப் பெட்டியும் வங்கிக் கடிதமும்கூட. காலம் முழுக்க மாடு கறந்து வாழ்ந்த ஒரு அம்மாவிடம் ஒருநாள் இந்த ஏணிக் கேள்வியைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு எட்டு என்றார். தனியாக, சின்ன வாடகை வீட்டில், முழங்கால் நோவோடு இருக்கிற மனுசி. பத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு முழங்காலைக் காட்டினார். எட்டுக்கு ஏன் வந்தீர்கள் என்றதற்கு அவரால் உடனே சொல்ல முடியவில்லை. எனக்கு அது விளங்கியது, ஏனென்றால் அவருக்கு எட்டைக் கொடுத்தது அவரிடம் இருந்த பொருளில்லை, அவரிடம் இல்லாத பயங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் வருமா என்ற பயம் இல்லை. வாடகை கட்ட முடியாமல் போனால் எங்கே போவது என்ற பயம் இல்லை, முதியோர் ஓய்வூதியமும் வாடகை உதவியும் வருகிறது. தன்னைக் குளிக்க வார்க்க ஆள் வருவதற்கு அவர் ஒரு குரோனரும் கொடுப்பதில்லை, தொடர்ந்து தேவைப்படும் வீட்டுப் பராமரிப்பு இங்கே இலவசம். மகள் தலைநகர் கோபன்ஹேகனில் இருக்கிறாள். "அவள் வந்தால் கோப்பி குடித்துக் கதைக்க வரவேண்டும், என்னைக் கழுவ வரக்கூடாது" என்று சொன்னார்.

இதைக் கேட்டால் எங்கள் ஆட்களில் பலர் முகம் சுளிப்பார்கள், பெற்ற தாயைப் பார்க்காத பிள்ளையா என்பார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. அந்த மகள் வரும்போது இரண்டு பேரும் கதைத்துச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கு ஒருவர் கடமைப்பட்டவர்களாக அவர்கள் இருக்கவில்லை. அதே நேரம் இதன் மறுபக்கத்தையும் நான்தான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு மனிதக் குரலும் கேட்காமல் இருந்துவிட்டு, நான் உள்ளே போனதும் என் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பராமரிப்புக்கு அரசு ஆள் அனுப்பும், பேச்சுத்துணைக்கு அனுப்பாது. எங்கள் வீடுகளில் அந்த ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டு இவர்களுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

"அவர்கள் பணக்கார நாடு, செய்யலாம்" என்பது அடுத்து வரும் பதில். நோர்வேக்கு எண்ணெய் இருக்கிறது, சரி. டென்மார்க்கின் கதை வேறு. 1864இல் புரூசியாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று ஸ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்தபோது இது சுருங்கிப்போன ஒரு விவசாய நாடு. நான் இருக்கிற மேற்கு யூலண்ட் அப்போது பெரும்பாலும் புதர்க்காடும் மணலும், 1866இல் ஒரு சங்கம் அமைத்து அந்தத் தரிசைப் பயிர் நிலமாக்கத் தொடங்கினார்கள். 1882இல் யெடிங் என்ற சின்ன ஊரில் விவசாயிகள் சேர்ந்து முதல் கூட்டுறவுப் பால் பதனிடும் ஆலையைத் தொடங்கினார்கள். அதன் விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: நூறு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. அது நாடு முழுக்கப் பரவியது. அதற்கும் முன்னாலேயே, 1844இல், றோடிங்கில் முதல் நாட்டார் உயர்பாடசாலை தொடங்கிவிட்டது, விவசாய வீட்டுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் தங்கிப் படிப்பதற்காக. பரீட்சை கிடையாது, சரித்திரம், பாட்டு, விவாதம். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனை அது. ஆக, மாடு கறக்கும் ஒருவர் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கப் பழகிய பிறகுதான் நலன்புரி அரசு வந்தது.

இது எங்களுக்குத் தெரியாத விசயமும் இல்லை. வடக்கில் சங்கக்கடை இருந்தது, மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை இருக்கிறது, கள்ளிறக்கும் சீவல் தொழிலாளருக்கும் கடற்றொழிலாளருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. போர் எவ்வளவோ அழித்தது, இந்தப் பழக்கத்தையும் நிறையவே அழித்தது. யாராவது டென்மார்க்கைப் பார்த்து ஏங்கினால், நான் முதலில் இதைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

நம்பிக்கை பற்றிச் சொல்ல வேண்டும். கோடை வந்தால் எங்கள் பக்கத்து வீதியோரங்களில் சின்ன மரத்தட்டிகளில் உருளைக்கிழங்கு, ஸ்ட்ரோபெரி, தேன் எல்லாம் வைத்திருப்பார்கள், ஆள் யாரும் நிற்பதில்லை. காசு போட ஒரு தகரப்பெட்டி, அல்லது தொலைபேசியால் காசு அனுப்பும் மொபைல்பே இலக்கம், அவ்வளவுதான். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கடைக்கு வெளியே நித்திரைக்கு விட்டுவிட்டுத் தாய் உள்ளே கோப்பி குடிப்பாள். 1997இல் ஒரு டேனிஷ் தாய் நியூயோர்க்கில் அப்படிச் செய்ததற்காக அங்கே கைதுசெய்யப்பட்டது பெரிய செய்தியானது. பெரும்பாலான மனிதரை நம்பலாமா என்று ஆய்வுகளில் கேட்டால் இங்கே பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆம் என்கிறார்கள். வந்த புதிதில் இதை அவர்களுடைய பிறவிக்குணம் என்று சொல்லுபவர்களை நிறையச் சந்தித்தேன். வெள்ளைக்காரன் நேர்மையானவன், எங்கள் ஆட்கள் அப்படியில்லை என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு இயந்திரம் இருக்கிறது, அது தொடர்ந்து ஓட வேண்டியிருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்பதை எங்கள் சமூகத்தின் கதையே காட்டுகிறது.

இங்கே அதைத் தமிழர் வழக்கு என்றே சொல்வார்கள், டேனிஷ் பாடசாலைப் பிள்ளைகள் சரித்திரத்தில் படிக்கிற அளவுக்கு. 1983ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டப்படி, அகதியாக ஏற்கப்பட்டவர் தன் மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்வது அப்போது ஒரு உரிமை, யாருடைய தயவும் தேவைப்படவில்லை. 1987இல் நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹன்சன், தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களைப் பார்க்காமல் நிறுத்தி வைக்கச் செய்தார். இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்துவிட்டது, அகதிகள் திரும்பிப் போகலாம் என்ற நினைப்பு கோபன்ஹேகனில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த ஒக்டோபரில் என்ன நடந்தது என்பது எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும், இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் சண்டை தொடங்கி வீதி வீதியாகச் செல் விழுந்துகொண்டிருந்தது. இங்கே கோப்புகள் அடியில் கிடந்தன, அங்கே மனைவியும் பிள்ளைகளும் பதுங்குகுழியில் கிடந்தார்கள்.

அதை வெளியே கொண்டுவந்தது நாடாளுமன்றத்தின் முறைப்பாட்டு அதிகாரி, அதாவது ஒம்புட்ஸ்மன். 1955இலிருந்து இருக்கிற பதவி அது, அரசு அலுவலகங்களுக்கு எதிராக யாரும் அவருக்குக் காசில்லாமல் எழுதலாம். 1989இல் அவர் அது சட்டவிரோதம் என்றார். பிரதமர் பௌல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து எதுவும் கம்பளத்துக்கு அடியில் கூட்டித் தள்ளப்படவில்லை என்று சொன்னார். பிறகு உயர்நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை நடந்தது. 1993 ஜனவரியில் ஆறாயிரம் பக்கமளவில் அறிக்கை வந்தது, 1982இலிருந்து பிரதமராக இருந்த ஷ்லூட்டர் அன்றைக்கே பதவி விலகினார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுத்தது.

நான் வந்தது அடுத்த வருடம். யூலண்டிலுள்ள ஹேர்ணிங் நகர்ப் பக்கத்துத் தமிழர் மத்தியில் அப்போது கோயிலில், கலியாண வீட்டில், டேனிஷ் மொழி வகுப்பில் எங்கே போனாலும் இந்தப் பேச்சுத்தான். யோசித்துப் பாருங்கள், அந்த மனிதர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குக்கூட இல்லை. தையல் தொழிற்சாலையிலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்கள், மொழி அரைகுறை. அவர்களுடைய கோப்பைத் தள்ளிவைத்ததற்காக ஒரு அரசாங்கம் விழுந்தது. ஸ்ட்ரோபெரித் தட்டியில் காசு வைத்துவிட்டுப் போகும் ஆளுக்கும் இந்த வழக்குக்கும் நேரான தொடர்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மேலே இருப்பவனும் விதிக்குக் கட்டுப்படுவான் என்று கண்ணால் கண்டால்தான் கீழே இருப்பவன் ஆளில்லாத பெட்டியில் காசு போடுவான். 2021 டிசம்பரிலும் ஒரு முன்னாள் அமைச்சருக்கு, இங்கர் ஸ்டோய்பெர்க்குக்கு, அதே நீதிமன்றம் 60 நாள் சிறை விதித்தது, அகதி விண்ணப்பம் செய்த இளம் தம்பதிகளைச் சட்டத்துக்கு மாறாகப் பிரித்து வைத்ததற்காக.

ஒன்றை மறைக்கக் கூடாது. சட்டத்தை மீறினால் தண்டிக்கிற இதே நாடு, சட்டத்தையே இறுக்கவும் செய்கிறது. 2002இல் வந்த விதிப்படி வெளிநாட்டிலிருந்து துணையைக் கூப்பிட இரண்டு பேருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும். 2016இல் அகதிகளிடம் 10,000 குரோனருக்கு மேலான பெறுமதியான பொருட்களை எடுக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். ஏணியில் உயரத்தில் நிற்கும் சனம் புதிதாக வருபவருக்குக் கை கொடுக்கும் என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை, நாங்களும் அப்படி நினைத்துக்கொண்டு இங்கே வரக்கூடாது. பெயரைப் பார்த்தே வேலை விண்ணப்பம் ஒதுக்கப்பட்ட கதை எங்கள் பிள்ளைகளின் தலைமுறையிலும் கேட்கிறேன், அவர்களுக்கு டேனிஷ் தாய்மொழிபோல வரும் என்றாலும்.

அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன், கடிதங்களைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். ஒரு அலுவலகம் உங்களுக்கு எதையாவது மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், எங்கே, எத்தனை கிழமைக்குள் முறையிடலாம் என்பதும் அதிலேயே இருக்கும். எங்கள் மூத்தவனின் பாலர் பராமரிப்புக் கட்டணச் சலுகையை ஒரு அலுவலகம் தவறான வருமானக் கணக்கில் மறுத்தது. தெரிந்தவர்கள், விடு, அவர்களோடு மோதாதே, பிறகு எல்லாவற்றிலும் கைவைப்பார்கள் என்றார்கள். ஊரில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இங்கே நான் சம்பளச் சீட்டுகளை இணைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். திருத்திப் பழைய மாதங்களின் காசையும் அனுப்பினார்கள், பிறகு யாரும் எதிலும் கைவைக்கவில்லை. அதே அலுவலரை அடுத்த மாதம் கடையில் கண்டபோது அவர் வணக்கம் சொன்னார். அரசாங்க அலுவலகத்துக்குப் பயப்படாமல் நடமாடுவது ஒரு மனுசிக்கு எவ்வளவு பெரிய இளைப்பாறல் என்று, சோதனைச்சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேலை விசயத்துக்கு வருகிறேன். கிழமைக்கு 37 மணித்தியாலம்தான் முழுநேர வேலை, ஐந்து கிழமை சட்டப்படி லீவு, பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆறாவது கிழமையும் உண்டு. சட்டம் போட்ட குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசி முடிவெடுக்கிறார்கள், 1899இல் பெரிய கதவடைப்புக்குப் பிறகு செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து வரும் வழக்கம் அது. பின்னேரம் மூன்றரை, நான்குக்கு வீதியில் நெரிசல், எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டப் போகிறார்கள். முகாமையாளரும் போகிறார், போகும்போது யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. 2024இலிருந்து ஒரு பொது விடுமுறை நாளை அரசு எடுத்துவிடப் போகிறது என்றபோது பல்லாயிரம் பேர் நாடாளுமன்றத்தின் முன்னால் கூடினார்கள். ஒரு நாள் லீவுக்கு இவ்வளவு பேரா என்று வெளியே இருப்பவர்கள் கேட்டார்கள். இங்கே நேரம்தான் சொத்து.

வேலையை விட்டு நிறுத்துவது இங்கே முதலாளிக்குச் சுலபம், அது பலருக்குத் தெரியாது. என் கணவர் வேலை செய்த தொழிற்சாலை உற்பத்தியை வெளிநாட்டுக்கு மாற்றியபோது அவரும் மற்றவர்களோடு சேர்ந்து வேலை இழந்து வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு அப்போது வீட்டுக்கடன், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஊருக்கும் காசு அனுப்ப வேண்டும். காப்பாற்றியது ஆ-கஸ்ஸ, அதாவது வேலையின்மைக் காப்புநிதி. மாதம் மாதம் சந்தா கட்டியிருந்தால், வேலை போனபிறகு இரண்டு வருடம் வரை கொடுப்பனவு வரும், அந்தக் காலத்துக்குள் வேறு தொழில் பழகலாம். அவர் வெல்டிங் பழகினார், பிறகு காற்றாலை உற்பத்திப் பக்கம் வேலை கிடைத்தது, மேற்கு யூலண்டில் அந்தத் தொழில் வளர்ந்துகொண்டிருந்த காலம். நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: இங்கே வேலை தொடங்கும் முதல் மாதத்திலேயே ஆ-கஸ்ஸவில் சேருங்கள், தொழிற்சங்கத்திலும் சேருங்கள். ஒரு வருடம் அங்கத்தவராக இருந்தால்தான் உரிமை தொடங்கும். சந்தாவை மிச்சம்பிடிக்கிறேன் என்று சேராமல் விட்ட குடும்பங்கள் வேலை போனபோது பட்ட பாட்டைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் முதல் தலைமுறை இரண்டு வேலை, இரவு வேலை, சனி ஞாயிறு சுத்தம் செய்கிற வேலை என்று ஓடியது. போருக்குள் இருந்த ஒரு முழுக் குடும்பத்தையும் இங்கிருந்து தாங்கினார்கள், அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அந்த உழைப்பை நான் கும்பிடுகிறேன். இப்போது வருகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. அவர்களும் அதே ஓட்டத்தை ஓடுவதைப் பார்க்கும்போதுதான் கவலை வருகிறது. பின்னேரம் ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடும் டேனிஷ் வீட்டு வழக்கத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம், சோறும் கறியும் அப்படியே, நேரத்தை மட்டும் மாற்றினோம். தொலைபேசி அடுத்த அறையில். இந்த நாட்டிலிருந்து என் குடும்பத்துக்கு வந்த நல்லவைகளில் இதை முதலில் சொல்வேன்.

பிள்ளைகளின் படிப்பு. பொதுப் பாடசாலையில் ஏழாம் வகுப்பு முடியும்வரை புள்ளி போடுவதில்லை. முதலாம் பிள்ளை, கடைசிப் பிள்ளை என்று கிடையாது. ஒரே வகுப்புப் பிள்ளைகள் வருடக் கணக்காகச் சேர்ந்தே போகிறார்கள். ஊரில் பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை என்று பிள்ளையை விடிய நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதை நினைத்தால், இந்த வித்தியாசமே ஏணியில் ஒரு படி பெறும். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் இல்லை, வீட்டை விட்டு வெளியே இருந்து படிக்கும் மாணவருக்கு மாதம் 7,000 குரோனரளவில் அரசு கொடுக்கிறது. அதனால் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை தகப்பனிடம் கை நீட்டாமல் தனக்குப் பிடித்ததைப் படிக்கிறது. எங்கள் பெற்றோருக்கு அதுதான் கஷ்டமும். என் மகள் பொறியியலில் இடம் கிடைக்கக்கூடிய புள்ளிகளோடு பாலர் ஆசிரியையாகப் படிக்கப் போனாள். சொந்தத்துக்குள் பெரிய பேச்சானது. அவள் காலையில் வேலைக்குப் போகும்போது இருக்கிற முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு அந்தப் பேச்சுகளில் எந்த அக்கறையும் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது சங்கங்கள். டேனிஷ்காரரோடு நட்பாவது கஷ்டம், பக்கத்து வீட்டுக்காரர் பல வருடமாகத் தலையாட்டிவிட்டுப் போவார், வீட்டுக்குள் கூப்பிட மாட்டார். பாடசாலை நாளிலிருந்து வரும் நண்பர்களே அவர்களுக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கைப்பந்து, உதைபந்து, பாடகர் குழு, தோட்டச் சங்கம், முயல் வளர்ப்போர் சங்கம் என்று இருக்கிறது, பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள் நடத்துவது. அவற்றுக்கு மண்டபமோ பாடசாலை அறையோ நகராட்சி கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மகளின் கைப்பந்துக் கழகத்தில் பிள்ளைகளைப் போட்டிக்கு ஏற்றிப் போக ஆள் கேட்டார்கள், போனேன். கேக் கேட்டார்கள், நான் ரவைக் கேசரி கொண்டுபோனேன், முடிந்துவிட்டது. பிறகு ஒரு வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவிக்கு யாரும் கை தூக்கவில்லை, நான் தூக்கினேன். டேனிஷ் மொழியை வகுப்பில் படித்ததைவிட அந்தக் கணக்குப் புத்தகத்தோடு சண்டை பிடித்துத்தான் அதிகம் பழகினேன். வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என் வீட்டுச் சமையலறையில் இருந்து பற்றுச்சீட்டுகளை அடுக்கினார்கள். கணவருக்கு வேலை போன காலத்தில் கார் தந்து உதவியது அவர்களில் ஒரு குடும்பம்.

பிராண்டாவில் அபிராமி அம்மன் கோயிலும், ஹேர்ணிங்கில் விநாயகர் கோயிலும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளும் எங்களுக்கு வேர். அவற்றை விட்டுவிட்டு டேனிஷ் சங்கத்துக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, இரண்டிலும் இருங்கள் என்கிறேன். எங்கள் சங்கங்களிலும் இந்த நாட்டு வழக்கத்தில் எழுதின யாப்பு, ஆண்டுக் கணக்கு, கணக்காய்வாளர் எல்லாம் வந்துவிட்டன, அதில் எங்கள் இளம் பிள்ளைகளின் பங்கு பெரியது. ஊரில் பழைய மாணவர் சங்கம், சனசமூக நிலையம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: காசு வந்ததையும் போனதையும் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள், ஒருவரே பதினைந்து வருடம் தலைவராக இருக்கவேண்டாம், இளம் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து கேள்வி கேட்டால் உட்காரச் சொல்லாதீர்கள். இதற்கு டென்மார்க்கின் வரிப்பணம் தேவையில்லை.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருள் வாங்கினால் 25 வீதம், சம்பளத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகிறது. முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் முணுமுணுப்பதில்லை, அந்தக் காசு எந்த வாசல்களுக்குப் போய்ச் சேருகிறது என்று காலை ஏழு மணியிலிருந்து என் கண்ணால் காண்கிறேன்.

குளிர்காலத்தைச் சும்மா விடமுடியாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீட்டுக்கு வருவோம். எங்கள் தோல் நிறத்துக்கு விற்றமின் டி இங்கே கட்டாயம் பார்க்க வேண்டும், டொக்டரிடம் கேட்டு இரத்தம் சோதியுங்கள். மதிய இடைவேளையில் மழை தூறினாலும் வெளியே நடவுங்கள். மனம் இறுகிப்போனால் குடும்ப டொக்டரிடம் சொல்லலாம், அது ரகசியம், ஊருக்குத் தெரியாது. ஏணியில் கீழ்ப்படி சொல்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அவர்களில் இளம் பிள்ளைகளும் கணிசம், எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு.

எனக்கு இப்போது இருக்கிற பெரிய கேள்வி ஓய்வூதிய வயது. 2025 மேயில் நாடாளுமன்றம் அதை 2040இலிருந்து 70 ஆக்கிச் சட்டம் போட்டுவிட்டது, 1970க்குப் பிறகு பிறந்தவர்கள் எல்லோருக்கும் அதுதான், எனக்கும். ஆட்களைத் தூக்கி, குனிந்து காலுறை போடுகிற வேலையில் 70 வயது வரை முதுகு தாங்குமா என்று எங்கள் வேலைத்தலத்தில் எல்லோரும் கேட்கிறோம். பயங்கள் குறைவு என்பதால் எட்டு என்று சொன்ன ஒரு சனத்துக்கு இது புதிதாக வந்த பயம். தொழிற்சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன், எங்களைப்போல உடலால் பாடுபடுகிறவர்கள் முன்கூட்டியே ஓய்வுபெறும் உரிமையை இன்னும் விரிவாக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.